இருபத்து நாலாவது வளைவு

ஹாவ்ரான் கோட்டை மலைமேல் இருக்கிறது என்பதை ஓல்டாவின் முழங்கால்கள் மறந்தே போயிருந்தன. மண்டைக்கு எல்லாம் நினைவிருந்தது. முதல் திருப்பத்தில் லிண்டன் மரம், இரண்டாவதில் மூக்குடைந்த புனிதர் சிலை, மூன்றாவதில் மூச்சு வாங்குகிறவர்களுக்கென்றே எந்தப் புண்ணியவானோ போட்டுவைத்த பெஞ்சு. இருபத்திரண்டு வயதில் ஓல்டா அந்த பெஞ்சைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். இப்போது அறுபத்தைந்தில் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பெஞ்சு பதிலுக்குச் சிரிக்கிற மாதிரி கிறீச்சிட்டது.

"வர்றியா, இல்லே கீழேருந்து ஆள் கூட்டிட்டு வரணுமா?" என்றாள் ஆனெஷ்கா, பத்தடி மேலே நின்றபடி. அவளுக்கு மூச்சே வாங்கவில்லை. நாற்பது வருஷம் தபால் நிலையத்தில் நின்றே வேலை பார்த்த கால்கள்.

"நீ போ. நான் இங்கேயே இடிஞ்சு விழுந்துக்கறேன். அடுத்த வருஷம் என்னையும் டிக்கெட் போட்டுக் காட்டுவாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்றைக்கு ஜோக் அடிப்பதில்லை என்று பஸ்ஸில் வரும்போது சபதம் எடுத்திருந்தார். கோட்டை வாசலே இன்னும் வரவில்லை, அதற்குள் இது மூன்றாவது.

ஆனெஷ்கா அவர் மனைவி. எட்டு மாதமாக அவள் விஷ்கோவ் வீட்டில் அவரோடு இல்லை, ப்ரெரோவில் அக்கா வீட்டில் இருந்தாள். அக்காவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், இரண்டு வாரம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் பெட்டியோடு கிளம்பினாள். அக்கா எழுந்து நடந்து, தோட்டம் கொத்தி, பிளம் பழம் பறித்து ஜாமும் போட்டுவிட்டாள். ஆனெஷ்கா திரும்பவில்லை.

சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் ஓல்டா அதை வைத்தே நாலு ஜோக் சொல்லியிருப்பார். நடந்தது இவ்வளவுதான்: ஜனவரியில் ஆனெஷ்கா ஓய்வு பெற்றாள். தபால் நிலையத்தின் பின்னறையில் முட்டையும் ஹாமும் அடுக்கிய ரொட்டித் துண்டுகள், வெள்ளை ஒயின், இருபது பேர். அவள் கையில் ஒரு காகிதத்தோடு எழுந்து நின்று, "அன்பான தோழிகளே" என்று ஆரம்பித்தாள். "தபால்தலை ஒட்டினியா? ஒட்டாட்டி திரும்பி வந்துடும்" என்றார் ஓல்டா பின்னாலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். அவள் மறுபடி ஆரம்பித்தாள். அவர் மறுபடி ஒன்று விட்டார். மூன்றாவது முறை அவளே சிரித்துவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கோப்பையைத் தூக்கினாள். 'கூட்டம் ரொம்ப நல்லா இருந்துச்சு' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓல்டா வீட்டுக்கு வந்தார்.

ஈஸ்டர் சமயத்தில் ஏன் வரவில்லை என்று போனில் கேட்டபோது அவள் சொன்னாள்: "வீட்டுல ஒரு கோமாளி இருக்கான், ஓல்டா. நல்ல கோமாளிதான், குத்தம் சொல்லலே. ஆனா ஆட்டம் முடிஞ்சா பாக்க வந்தவங்க எல்லாம் எழுந்து வீட்டுக்குப் போயிடறாங்க. நான் எங்கே போறது?"

அதற்கும் அவருக்கு ஒரு பதில் தோன்றியது. நல்லவேளை, அவள் அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

பிறகு கோடை போயிற்று. இலையுதிர் காலம் வந்ததும் ஓல்டா ஒரு அஞ்சலட்டை எழுதினார். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டார், மூன்றிலும் ஜோக் இருந்தது. நாலாவதில், "அக்டோபர் கடைசி சனி. ஹாவ்ரானில் இந்த வருஷத்துக் கடைசிச் சுற்று மூன்று மணிக்கு. அதற்குப் பிறகு ஏப்ரல் வரைக்கும் பூட்டிவிடுவார்கள். வா. ரொட்டியும் பொரித்த கறியும் நான் கொண்டுவருகிறேன்" என்று மட்டும் இருந்தது. அனுப்பிய பிறகு, யாரோ முன்பின் தெரியாத ஒழுங்கான மனிதர் எழுதியது மாதிரி இருக்கிறதே என்று அவருக்கே சந்தேகம். ஆனால் அவள் வந்துவிட்டாள்.

இனி அவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. மலையடிவாரத்திலிருந்து ஐந்து பத்துக்கு விஷ்கோவ் பஸ், ஐந்து இருபத்தைந்துக்கு ப்ரெரோவ் பஸ். 'நீ முதல் பஸ்ஸில் ஏறு' என்று சொல்ல வேண்டும். சிரிக்காமல், சிரிக்க வைக்காமல்.

பெஞ்சிலேயே கறியும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். ஊறுகாய் வெள்ளரிக்காயை ஆனெஷ்கா வழக்கம்போல இரண்டாக ஒடித்து, பெரிய பாதியை அவரிடம் நீட்டினாள். அது நல்ல சகுனமா, வெறும் பழக்கமா என்று யோசித்துக்கொண்டே ஓல்டா மலையேறினார்.

வாசலில் அந்த மரப்பெட்டி அப்படியே இருந்தது. பார்வையாளர்கள் ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ள வேண்டிய சாம்பல் நிறக் கம்பளிச் செருப்புகள் அதில் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே அளவு. அதாவது யாருக்கும் பொருந்தாத அளவு. கோட்டையின் மரத்தரை கீறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மாணவனாக இருந்தபோது இங்கே கோடை விடுமுறையில் வழிகாட்டியாக வேலை பார்த்த ஓல்டா கண்டுபிடித்த ரகசியம், தரையைப் பாலிஷ் போட ஆள் வைக்காமல், டிக்கெட் வாங்கி வருகிறவர்களையே அந்த வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பது.

"பதினோரு பேர், இருபத்திரண்டு செருப்பு," என்றாள் வழிகாட்டி. அறுபதை நெருங்கும் பெண்மணி, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. சட்டையில் ஸ்கோபலோவா என்று பெயர்ப்பட்டை. "போகும்போது நான் எண்ணித்தான் வாங்குவேன். இன்னிக்கு சீசன் முடியுது, குளிர்காலத்துக்கு மூட்டை கட்டணும். நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். என்கிட்ட ஒண்ணு குறைஞ்சா தெரிஞ்சுடும்."

"இடது வலது இருக்கா, டீச்சர்?" என்றார் ஓல்டா.

"எது போட்டாலும் ஒண்ணுதான், சார்."

"என்னைப் பத்தி என் மாமியார் சொன்னதும் இதேதான்."

நாலாவது ஜோக். ஆனெஷ்கா குனிந்து செருப்பின் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை.

சறுக்கிக்கொண்டே போனார்கள். வேட்டை மான் கொம்புகள் அடைத்த அறை, யாரும் படுக்காத கட்டில் இருந்த அறை, பச்சை ஓடு பதித்த கணப்படுப்பு. ஓல்டாவுக்கு ஒவ்வொரு கதவின் முனகலும் தெரியும். இந்த மூலையில் இருந்த வாத்து ஓவியம் எங்கே போயிற்று? அந்த ஜன்னலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் பீர் பாட்டிலைக் குளிரவைப்பார்கள். வாசல் கோபுரத்தின் மேலறையில் நான்கு மாணவர் வழிகாட்டிகள், ஏழு எலிகள், ஒரு போர்வை. போர்வை பெரும்பாலும் எலிகளிடம் இருந்தது. அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி; அச்சிட்டுக் கொடுத்த வழிகாட்டி உரையில் ஒவ்வொரு அறை முடிவிலும் 'உழைக்கும் மக்களின் வியர்வையில் எழுந்தது' என்று சொல்லியாக வேண்டும். கழிவறையைக் காட்டும்போதுகூட.

பிறகு ஸ்கோபலோவா ஒரு தாழ்ப்பாளைத் தூக்கினாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வளைவுத் தாழ்வாரம்.

ஓல்டாவுக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை, சபதத்தின் உதவி இல்லாமலே.

வெளியே இருந்து பார்த்தால் ஹாவ்ரான் முரட்டுக் கோட்டை. தடித்த சுவர், குறுகலான துவாரங்கள், எதிரி வந்தால் கொதிக்கும் எண்ணெய். உள்முற்றம் அதற்கு நேர்மாறு. பிற்காலத்தில் யாரோ ஒரு பிரபு இத்தாலியிலிருந்து கொத்தனார்களைக் கூட்டிவந்து, மூன்று பக்கமும் மெல்லிய தூண்களும் வளைவுகளுமாக எழுப்பிவிட்டான். கம்பளிக் கோட்டுக்குள் பட்டுத்துணி வைத்துத் தைத்தது போல. எதிர்ச்சுவர் முழுக்க, ஈரச் சாந்தைச் சுரண்டி வரைந்த சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் மூலைக்கு மூலை குறுக்குக்கோடு. பார்த்தால் ஆயிரம் கடித உறைகளை வரிசையாகக் கவிழ்த்து ஒட்டியது போலிருக்கும்.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஜூலை மதியம், விஷ்கோவ் தபால் நிலையத்திலிருந்து பஸ் பிடித்துச் சுற்றுலா வந்த நாற்பது பெண்கள் அந்தச் சுவரைப் பார்த்து ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். "இங்கேயுமா?" என்றாள் ஒருத்தி. "ஒண்ணுலயும் விலாசம் இல்லே," என்றாள் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒரு மெல்லிய பெண். "யாருக்குன்னே தெரியாம எத்தனை கடுதாசி பாருங்க." அவள் அதை ஜோக்காகச் சொல்லவில்லை. அந்தக் கடிதங்களுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டாள். மாணவன் ஓல்டா அவளைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

அன்று மழை. அடுத்த அறையின் சாவியை வைத்திருந்த சக வழிகாட்டி, உள்ளே தன் கூட்டத்தோடு மாட்டிக்கொண்டிருந்தான். "இருபத்து மூன்று வளைவுகள், இருபத்து மூன்றும் உழைக்கும் மக்களின் வியர்வை" என்று உரை முடிந்துவிட்டது. நாற்பது பெண்கள் குளிரில் கம்பளிச் செருப்போடு நின்றார்கள். ஏதாவது சொல்லி ஓட்ட வேண்டும். ஓல்டாவின் கண்ணில் கிழக்கு மூலை பட்டது. அங்கே பாறை குறுக்கிட்டதால் கொத்தனாருக்கு இடம் போதவில்லை. பாதியில் விடவும் மனம் வராமல், மொட்டைச் சுவரில் ஒரு வளைவை நிழலோடும் தூணோடும் வரைந்துவிட்டுப் போயிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜம் போலவே இருக்கும்.

ஓல்டா வாய்க்கு வந்ததை அளக்க ஆரம்பித்தான். யாரோஷ் பிரபு வளைவுகளை எண்ணி இருபத்து மூன்று என்றாராம். மனைவி எலிஷ்கா இருபத்து நாலு என்றாளாம். ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் ஒருநாள் இருவரும் சேர்ந்து நடந்து எண்ணி, ஒரே எண்ணைச் சொன்னார்களாம். அந்த எண் எது என்று யாருக்கும் தெரியாது. அதிலிருந்து, இங்கே வந்து தனித்தனியாக எண்ணி ஒரே எண்ணைச் சொல்லும் ஜோடி பிரியவே பிரியாது.

"எங்க யாருக்குமே இங்க ஜோடி இல்லையேப்பா," என்றாள் தலைமைத் தபால்காரி. "உனக்கு இருக்கா?" இல்லை என்றதும் எல்லோருமாக அந்த மெல்லிய பெண்ணை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவள் நிதானமாக எண்ணிவிட்டு வந்து அவன் காதில் சொன்னாள்: "இருபத்து நாலு."

தப்பு. வரைந்ததையும் சேர்த்துவிட்டாள். ஓல்டாவின் நாக்கு நுனியில் ஒரு ஜோக் தயாராக நின்றது. தபால் ஆபீஸில் எதை எண்ணினாலும் ஒன்று கூடவே வருமாமே என்று. நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ஆனால் அவள் இமையில் ஒரு மழைத்துளி நின்றது.

"எனக்கும் இருபத்து நாலுதான்," என்றான் ஓல்டா.

மறுவருஷம் கல்யாணம். அந்த எண்ணை அவள் ஒரு தடவையும் சந்தேகித்ததாகத் தெரியவில்லை. அவருக்குத்தான் அவ்வப்போது, பல் தேய்க்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, உள்ளே ஒரு சின்ன முள். இந்தக் குடும்பமே ஒரு தப்பான கூட்டலின் மேல் நிற்கிறதே என்று.

"இங்கே ஒரு பழங்காலக் கதை உண்டு," என்றாள் ஸ்கோபலோவா இப்போது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "பதினாறாம் நூற்றாண்டிலேர்ந்து வழிவழியா சொல்லப்படறது. யாரோஷ் பிரபுவுக்கும் எலிஷ்கா சீமாட்டிக்கும்…"

ஓல்டாவுக்குப் புரையேறிவிட்டது. ஆனெஷ்கா அவர் முதுகில் தட்டினாள். கதை வார்த்தை பிசகாமல் அப்படியே இருந்தது. ஏழு வருஷம் மட்டும் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, பரவாயில்லை.

"இதுக்கு ஆதாரம் இருக்கா, டீச்சர்?" என்று கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆதாரம் இல்லாம நான் எதையும் சொல்ல மாட்டேன், சார். எனக்கு முன்னாடி இருந்தவங்க எழுதிவெச்ச நோட்டு இருக்கு. அவங்களுக்கு முன்னாடி இருந்தவர் சொன்னது." அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "ஜோடியா வந்தவங்க யாரு?"

தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த இளம் தம்பதி தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு எதையும் சோதித்துப் பார்க்கத் தெம்பு இல்லை. மற்றவர்கள் சைக்கிளில் வந்த நண்பர்களும் ஒரு பாதிரியாரும் அவர் சகோதரிகளும்.

"நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்," என்றாள் ஆனெஷ்கா.

தனித்தனியாக நடந்தார்கள். ஓல்டா எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எண்ணினார். இருபத்து மூன்றாவது வளைவின் தூணில் கைவைத்து நின்றார். எதிரே சாந்தில் வரைந்த வளைவு, நிறம் கொஞ்சம் வெளுத்து, அதே பொய் நிழலோடு நின்றது. ஆனெஷ்கா போய் டீச்சர் காதில் சொல்வது தெரிந்தது. என்ன சொல்லியிருப்பாள் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. இருபத்து நாலு என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. எல்லோரும் கைதட்டுவார்கள், அவளும் சிரிப்பாள், அந்தச் சிரிப்போடு சிரிப்பாக முதல் பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

அதைத்தானே எப்போதும் செய்துவருகிறோம் என்று தோன்றியது. சிரிப்போடு சிரிப்பாக.

ஸ்கோபலோவாவின் காதருகே குனிந்தார். "இருபத்து மூணு," என்றார்.

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். முப்பது வருஷம் பரீட்சை முடிவு படித்த குரலில், "பொருந்தலை," என்றாள்.

பாதிரியாரின் சகோதரி ஒருத்தி 'ச்சு' கொட்டினாள். கூட்டம் கொஞ்சம் சங்கடத்தோடு சறுக்கிக்கொண்டு அடுத்த கதவை நோக்கிப் போயிற்று. "தேவாலயத்துக்கு அப்புறம் ஆயுத அறை, பின்தங்காதீங்க," என்று டீச்சர் குரல் கொடுத்துக்கொண்டே போனாள். ஆனெஷ்கா போகவில்லை. தாழ்வாரத்துக் கல்பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓல்டாவும் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"ஆனெஷ்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்தக் கதை பதினாறாம் நூற்றாண்டு இல்லே. அன்னிக்கு மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு நான் கட்டினது. மழை பெஞ்சுது, சாவி வரலே. அப்புறம்…" கிழக்கு மூலையைக் காட்டினார். "வளைவு இருபத்து மூணுதான். கடைசி ஒண்ணு படம். அன்னிக்கே எனக்குத் தெரியும். எனக்கும் இருபத்து நாலுதான்னு உன்கிட்ட சொன்னது பொய்."

ஆனெஷ்கா எதிர்ச்சுவரின் கடித உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அதைச் சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி நீயேதான் சொன்னே. இருபத்து மூன்று வளைவுகள், இருபத்து மூன்றும் உழைக்கும் மக்களின் வியர்வைன்னு. நாப்பது பேர் இருந்தோம், ஓல்டா. நீ பேசினதைக் கவனிச்சுக் கேட்டது நான் ஒருத்திதான்."

ஓல்டா வரைந்த வளைவைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணும்னுதான் இருபத்து நாலுன்னு சொன்னேன்," என்றாள் அவள். "நீ என்ன பண்றேன்னு பாக்கறதுக்கு. உனக்கு ஜோக் வந்தா இடது புருவம் மேலே ஏறும். அன்னிக்கு ஏறிச்சு. பெருசா ஒண்ணு வருதுன்னு நெனச்சேன், அவ்வளவு பேர் முன்னாடி மானம் போகப்போகுதுன்னு. அப்புறம் அது தானா எறங்கிடுச்சு. எனக்காக ஒரு ஜோக்கை முழுங்கிட்டு, எனக்கும் இருபத்து நாலுதான்னே. அதுக்குத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன். கதைக்காக இல்லே."

முற்றத்தில் ஒரு காக்கை இறங்கி, எதையோ கொத்திவிட்டுப் பறந்தது.

"அதுக்கப்புறம் ஒண்ணுகூட முழுங்கலை நீ," என்றாள். "நாப்பத்திரண்டு வருஷம்."

"அப்ப இன்னிக்கு எதுக்கு மறுபடியும் இருபத்து நாலு?"

"அதுதானே நம்ம நம்பர். கணக்கு டீச்சருக்கு என்ன தெரியும்? நீ எதுக்கு இருபத்து மூணுன்னே?"

"ஒரு தடவையாவது உன்கிட்ட உண்மை பேசலாம்னு." ஓல்டா செருப்பு முனையைப் பார்த்துக்கொண்டார். "நாள் பார்த்துத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை என்றாலும் வாயோரம் ஏதோ அசைந்தது. வெயில் எதிர்ச்சுவரில் இரண்டு வரிசை உறைகள் அளவுக்கு மேலே ஏறியது. தேவாலயத்திலிருந்து டீச்சரின் குரல் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. பஸ்ஸைப் பற்றி இப்போதே கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தார். ஆனால் வேறொன்றை முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"அந்தக் காகிதம் இருக்கா?"

எந்தக் காகிதம் என்று அவள் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் மாத்திரை அட்டைக்கும் அடியிலிருந்து எடுத்தாள். நாலாக மடித்தது மடித்தபடி, மடிப்பில் அழுக்கேறியிருந்தது.

"படி," என்றார்.

"இங்கேயா?"

"ஒயின் இல்லே. அது ஒண்ணுதான் குறை." இன்றைய ஐந்தாவது ஜோக். "சரி, அது கடைசி. படி."

ஆனெஷ்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பின்னறையில் எழுந்து நின்றது போலவே எழுந்து நின்றாள், சாம்பல் நிறக் கம்பளிச் செருப்போடு.

"அன்பான தோழிகளே," என்று ஆரம்பித்தாள். ஒரு கணம் நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நாற்பது வருஷத்தில் நான் எத்தனை கடிதங்களுக்கு முத்திரை குத்தினேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் விலாசம் சரியில்லாமல் வந்தவை எல்லாம் நினைவிருக்கின்றன. 'ஆலைக்குப் பின்னால் நீலக் கதவு வீடு' என்று ஒன்று. 'நாய் வளர்க்கும் யானா அத்தைக்கு' என்று ஒன்று. எதையும் திருப்பி அனுப்பியதில்லை. கையெழுத்தைப் பார்த்து, ஊரை விசாரித்து, எப்படியாவது கொண்டுசேர்த்தோம். கடிதம் வந்து சேராத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா ராணுவத்தில் இருந்தபோது எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது."

இது ஓல்டாவுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதில்லை. அல்லது சொல்ல ஆரம்பித்தபோது அவர் குறுக்கே ஏதாவது விட்டிருப்பார்.

"கடைசியாக என் வீட்டுக்காரருக்கு நன்றி," என்று படித்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "தினமும் ஐந்து மணிக்கு அவர் தபால் நிலைய வாசலில் வந்து நிற்பார். மழை பெய்தால் குடையோடு நிற்பார். பெய்யாவிட்டாலும் குடையோடு நிற்பார். என் நாள் எப்படிப் போனாலும் கதவைத் திறந்ததும் அந்தக் குடை தெரியும். எனக்கு வந்த தபாலில் அதுதான் ஒருநாளும் தவறாமல் வந்தது. நன்றி, வணக்கம்."

காகிதத்தை மடித்தாள்.

குடையைப் பற்றி ஓல்டாவுக்கு இரண்டு தோன்றின. இடது புருவம் தன்பாட்டுக்கு ஏறியது. அவர் அதைக் கையால் தேய்த்துக் கீழே இறக்கினார். தேய்க்கும்போது கை ஈரமாயிற்று.

"என்ன, ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் அவள்.

"இல்லே."

"வந்துச்சா?"

"ரெண்டு வந்துச்சு."

"நல்லதா?"

"ஒண்ணு ரொம்ப நல்லது."

ஆனெஷ்கா காகிதத்தைக் கைப்பையில் வைத்து மூடினாள். "பஸ்ல சொல்லு," என்றாள்.

எந்த பஸ் என்று ஓல்டா கேட்கவில்லை. கேட்டால் அது கலைந்துபோகும் போலிருந்தது. முற்றத்துப் படி வழியாக இறங்கினார்கள், வாசலைத் தாண்டினார்கள், புனிதர் சிலை வரைக்கும் வந்துவிட்டார்கள். காலடிச் சத்தமே கேட்கவில்லை என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"சார். மேடம்."

ஸ்கோபலோவா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் ஓடிவந்தாள். "பதினெட்டுதான் இருக்கு. பதினெட்டு. நாலு குறையுது."

மூவரும் கீழே பார்த்தார்கள். கம்பளிச் செருப்புகளில் லிண்டன் இலையும் சேறும் அப்பியிருந்தன. கல் சுவரைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார்கள். டீச்சர் நான்கையும் எண்ணி, மறுபடி எண்ணினாள்.

"இதுமட்டும் சரியா வருது," என்றாள் மூச்சிரைக்க. "அங்கே மேலே உங்க ரெண்டு பேருக்கும் பொருந்தலையேன்னு எனக்கே கஷ்டமா போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க. அது சும்மா கதைதானே."

"ஆதாரம் இருக்குன்னீங்களே, டீச்சர்?" என்றாள் ஆனெஷ்கா.

டீச்சர் செருப்புகளைத் தட்டிக்கொண்டே மேலே ஏறினாள்.

ஐந்து பத்துக்கு விஷ்கோவ் பஸ் வந்தது. ஓல்டா ஒதுங்கி நின்றார். ஆனெஷ்கா முதலில் ஏறி, ஓட்டுநரிடம் "விஷ்கோவ், ரெண்டு" என்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ப்ரெரோவிலிருக்கும் பெட்டியை அக்கா தபாலில் அனுப்புவாள், எடை கூடினால் கூடட்டும் என்றாள். மலைமேல் கோட்டையின் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள், ஏப்ரல் வரைக்கும்.

"சரி, இப்ப சொல்லு," என்றாள். "அந்த ரொம்ப நல்லது."

ஓல்டா யோசிப்பது போல நெற்றியைச் சுருக்கினார்.

"மறந்துபோச்சு."

ஆனெஷ்கா திரும்பி அவர் இடது புருவத்தைப் பார்த்தாள். அது உச்சியில் நின்றது.

"இருபத்து நாலு," என்றாள், அவர் தோளில் சாய்ந்துகொண்டு.